டார்ச்சண்ணனும் என் வெள்ளைச் சட்டையும்

எல்லையோரச் செக்போஸ்ட்டில் லாரியைத்தான் சோதிப்பார்கள். டார்ச்சண்ணன் மனிதனின் மீசையையே சோதிப்பார்.

மீனாட்சிபுரத்தில் எங்கள் பட்டறை. சாயமேற்றிய செல்களை ஒளிரவைத்துப் பார்க்கும் மைக்ராஸ்கோப்புக்கு ஃபில்டர் கியூப் பூட்டுகிறோம். சின்னக் கறுப்புக் கூடு. உள்ளே இரண்டு ஃபில்டர், நடுவே சாய்வாக ஒரு கண்ணாடி. விளக்கின் ஊதா வெளிச்சம் செல்லுக்குப் போகவேண்டும், செல்லின் ஒளி மட்டும் கண்ணுக்கு வரவேண்டும். மற்றதெல்லாம் கும்மிருட்டு. அந்த இருட்டுக்குக் காவல்காரர் டார்ச்சண்ணன்.

வாசலில் ஊதா டார்ச்சோடு நிற்பார். மஞ்சள்தூள் பட்ட இடம் அதில் பளிச்சென்று எரியும்; அப்படி எரிகிற துகள் ஒன்று கூட்டுக்குள் விழுந்தாலும் இருட்டு கெட்டுவிடும். ஒருநாள் முதலாளியையே மறித்தார். "நகத்துல சாம்பார் மின்னுதுங்க. கையக் கழுவிட்டு வாங்க."

முதலாளி கழுவிவிட்டு வந்தார்! என்னை அப்படி யாராவது மதித்ததுண்டா? வீட்டுக்குப் போனால் மனைவிகூட, "ஏனுங்க, டார்ச்சண்ணன் இன்னிக்கு யாரப் புடிச்சாரு?" என்பாள். என் வயிறு எரிந்ததற்கு எந்த டார்ச்சும் தேவைப்படவில்லை.

கொச்சி ஆய்வகத்துக்குப் போய்க் கியூப் பொருத்த ஒரு ஆள் வேண்டும் என்றார் முதலாளி. "ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு பூட்டுங்க. எதுல இருட்டு நல்லா இருக்குதோ, அவுங்க போலாம்."

விடுவேனா? புதுத் தூளில் ஊறவைத்துத் துவைத்த வெள்ளைச் சட்டையில் போனேன். டார்ச்சண்ணனும் போட்டியாளர் என்பதால் அன்று வாசலில் சோதனை இல்லை. ஜெயித்ததும் போட்டோ எடுப்பார்களே என்று மேலங்கியையும் மாட்டவில்லை.

அண்ணனின் கியூபில் அமாவாசை. என்னுடையதில் எட்டிப் பார்த்த முதலாளி, "ஏப்பா, மூணாறு பனியாட்ட இருக்குது?" என்றார்.

அண்ணன் கூட்டைத் திறந்து டார்ச் அடித்தார். கண்ணாடிமேல் ஒரு நூலிழை நீலமாக எரிந்தது. மெதுவாக டார்ச்சை என் பக்கம் திருப்பினார். முழு ஆளும் எரிந்தேன்.

"கோயில் நோம்பிக்குக் கட்டுன சீரியல் லைட்டாட்ட நிக்கறயேப்பா! வெள்ளையா தெரியோணும்னு தூள்ல ஒரு மருந்து போடறாங்க. ஊதா பட்டா இப்படித்தான் எரியும்."

பட்டறையே சிரித்தது. கொச்சி கைவிட்டுப் போனது. நான் அழுக்குத் துணிபோல் சுருண்டு நின்றபோது டார்ச்சண்ணன் முதலாளியிடம், "எனக்கு நாலு பேருகிட்டப் பேச வராதுங்க. இவனையும் கூட்டிட்டுப் போறனுங்க," என்றார்.

பாருங்கள், தாராள மனசிலும் என்னை முந்திவிட்டார்.

பாலக்காட்டில் ரயில் ஏறியதும் கியூப் பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். எர்ணாகுளம் வரும்வரை நான் அந்தத் தோளை அசைக்கவில்லை.