அழுதாலும் தையல் பிரியாது

என்றும் மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் பணிவாக எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் மகள் சுண்டுவும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். தாங்களும் அக்காவும் நலம் என்பதைக் குடும்பக் குழுவில் தாங்கள் தினமும் விடிவதற்கு முன்பே போடும் ரோஜாப்பூப் படங்களிலிருந்து அறிந்து மகிழ்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனைத் தொடவே இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால்தான். தாங்கள் நம் குடும்பத்துக்கு மூத்த மாப்பிள்ளை, குழுவுக்கும் அட்மின். நியாயம் கேட்க நான் வேறு எங்கே போவேன். வழக்கு நன்றாக விளங்கட்டும் என்று சம்பந்தப்பட்ட போட்டோவையும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு, இதில் என்ன தப்பு என்று தாங்களே சொல்லுங்கள்.

வினை ஆரம்பித்தது பள்ளிக்கூடத்தில். சுண்டுவின் கம்ப்யூட்டர் டீச்சர் இந்த வருடம் புதிதாக ஒரு வகுப்பு எடுக்கிறார். இணையத்தில் பிள்ளைகள் எப்படிப் பத்திரமாக இருப்பது, அங்கே அவர்களுக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்பதெல்லாம் பாடம். பெற்றோர் சம்மதம் கேட்டு ஒரு தாள் வந்தது. ‘பத்திரம்’ என்ற வார்த்தையைப் பார்த்ததுமே கையெழுத்துப் போட்டுவிட்டேன், அத்தான், அதற்கு மேல் படிக்கவில்லை. போனைக் கீழே வை என்று நான் தொண்டை கிழியக் கத்துவதை இனிமேல் டீச்சர் கத்துவார், எனக்குத் தொண்டையாவது மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன். ‘உரிமை’ என்று பக்கத்திலேயே எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

அந்தப் படம் தங்களுக்குத் தெரியாததல்ல. சுண்டு முதல் வகுப்புக்குப் போன அன்று, நம் கடையில் நானே தைத்த யூனிபார்மைப் போட்டுக்கொண்டு, கடை வாசலில் நின்று, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி வாயைத் திறந்து அழுதாளே, அந்தப் படம்தான். வளரும் பிள்ளையாச்சே என்று கொஞ்சம் தாராளமாகத் தைத்திருந்தேன், சட்டைக்குள் பிள்ளையைத் தேட வேண்டியிருக்கும். மூக்கு ஒழுகியதும் உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தோள்பட்டையைப் பாருங்கள், ஒரு சுருக்கம் இருக்காது. அந்தத் தோள்பட்டைக்காகத்தான் படத்தைக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டு, ‘அழுதாலும் தையல் பிரியாது’ என்று கீழே நானே வாசகமும் எழுதினேன். அது ஓகோவென்று ஓடியது. வாசலில் போர்டாக வைத்தேன், துணிப்பைகளில் அச்சடித்தேன், சுற்றுவட்டாரத்தில் யூனிபார்ம் என்றாலே ‘அழுகிற பொண்ணு கடை’ என்றுதான் வழி சொல்கிறார்கள். பிறகு யாரோ முகத்தை மட்டும் வெட்டியெடுத்து ‘திங்கட்கிழமை வந்தாச்சு’ என்று ஸ்டிக்கர் செய்து ஊர் முழுக்க விட்டுவிட்டார்கள். தோள்பட்டையை விட்டுவிட்டார்களே என்பதுதான் அப்போது எனக்கு வருத்தம்.

இப்போது இந்த டீச்சர் வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். அவரவரைப் பற்றி இணையத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்த செய்திதான். சுண்டுவுக்கு மட்டும் அள்ள அள்ளக் குறையாமல் வந்திருக்கிறது. பல் டாக்டர் விளம்பரத்தில் அவள், கடன் கட்டாதவன் கேலியில் அவள், மாமியார் ஊருக்கு வருகிறார் என்ற நகைச்சுவையில் அவள். கூடப் படிக்கிறதுகள் சும்மா இருக்குமா. மறுநாளிலிருந்து அவள் வகுப்புக்குள் நுழைந்தாலே எல்லாம் ஒரே குரலில் அழுது காட்டுகின்றன. வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்காமல் என் முன்னால் நின்றாள்.

“அப்பா, அந்தப் படத்தைப் போடறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டீங்களா?”

“உனக்கு அப்போ ஆறு வயசு. கேட்டிருந்தா மட்டும் என்ன சொல்லியிருப்ப, அழுதுட்டுத்தான இருந்த?”

“இப்போ சொல்றேன். எடுத்துடுங்க. அது என் முகம்.”

“முகம் உன்னோடதுதான், மூக்கு என்னோடது. அப்போ பாதி உரிமை எனக்கும் உண்டுல்ல?”

இதற்கு அடுப்படியிலிருந்து என் மனைவி, “மூக்கு உங்களது சரி, அதுல ஒழுகினதும் உங்களதா?” என்று கேட்டாள். வீட்டில் இப்படி எதிர்க்கட்சி இருக்கும்போது மனிதன் எப்படி வாதாடுவது. பள்ளி திறந்த புதிது, யூனிபார்ம் சீசன், போர்டை எடுத்தால் அடையாளமே போய்விடும், முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. சரி என்று உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து கடைத் தெரு வழியாக அவள் பள்ளிக்குப் போவதில்லை, பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறாள். சாயங்காலம் வந்து துணிக் கட்டின் மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே பாடம் படிப்பாளே, அதுவும் கிடையாது. கடை இப்போது அமைதியாக இருக்கிறது. நூலை யாரும் கலைப்பதில்லை, கத்தரிக்கோல் வைத்த இடத்திலேயே இருக்கிறது. உள்ளதைச் சொன்னால், எனக்கு அந்த அமைதியில் உட்காரவே முடியவில்லை, அத்தான்.

நேராகப் பள்ளிக்குப் போனேன். “பிள்ளைங்களைப் பத்திரமா இருக்கச் சொல்லிக்கொடுங்கன்னா, பெத்த அப்பன்கிட்ட கணக்குக் கேக்கச் சொல்லிக்கொடுக்கறீங்களே டீச்சர்” என்று நன்றாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு முதல் எரிச்சல். “உட்காருங்க சார். அந்தப் படம் எங்கெங்க போயிருக்குன்னு நீங்க பார்த்திருக்கீங்களா?” என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் பெண் இத்தனை இடத்திலா என்று எனக்கு முதலில் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அப்புறம் ஒன்றைக் காட்டினார். சுண்டுவின் முகம், நெற்றியில் கம்ப்யூட்டரிலேயே ஒரு கட்டு வரைந்து, யாரோ முன்பின் தெரியாதவன் அவளைத் தன் மகள் என்றும், உயிருக்குப் போராடுகிறாள் என்றும், வைத்தியத்துக்கு உதவுங்கள் என்றும் எழுதியிருந்தான். அதை மூன்று தடவை திரும்பப் படித்தேன். இதில் இன்னொன்றும் உண்டு, தாங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. இதே செய்தியை மூன்று மாதம் முன்பு நம் குடும்பக் குழுவில் ‘பச்சிளம் குழந்தை, கல்நெஞ்சமும் கரையும், அனைவருக்கும் அனுப்புங்கள்’ என்று போட்டது தாங்கள்தான். கீழே முதலில் கைகூப்பியது நான். அக்கா கண்ணீர் பொம்மை போட்டிருக்கிறாள். சொந்த வீட்டுப் பிள்ளையின் முகத்தை நாம் யாருமே பார்க்கவில்லை, விரல் போன வேகத்தில் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

சரி, அதற்காகப் போர்டை எடுத்துவிட முடியுமா. எவனோ செய்த அயோக்கியத்தனத்துக்கு என் தோள்பட்டை என்ன பாவம் செய்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். இந்த லட்சணத்தில்தான் சட்டை விவகாரம் நடந்தது. நம் கட்டிங் மாஸ்டரைத் தங்களுக்குத் தெரியும், துணியை வெட்டினால் துண்டுக்குத் துண்டு ‘கை’, ‘காலர்’, ‘முதுகு’ என்று சாக்பீஸால் தலைப்பு எழுதாமல் கீழே வைக்க மாட்டார். நான் துணி வாங்கப் போயிருந்தபோது, புதுச் சட்டைப் படங்களைக் கடைப் பக்கத்தில் போட வேண்டும் என்று போனில் என்னிடம் பாஸ்வேர்டு கேட்டார். சொன்னேன். அவரும் கையில் இருந்த சாக்பீஸால், மேசையில் இருந்ததன் மேல், வழக்கம்போல் ‘கடைப் பக்கம் பாஸ்வேர்டு’ என்று தலைப்பிட்டு, அடிக்கோடும் போட்டு, முத்து முத்தாக எழுதிக்கொண்டார். மேசையில் இருந்தது ஒரு கருநீலச் சட்டையின் முதுகு. அதுவும் துணியின் நல்ல பக்கம், வெளியே தெரிகிற பக்கம். மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தையல் கோடு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், தைத்தார்கள். அயர்ன் போடுகிறவர் அதன் மேலேயே அழுத்தி அயர்ன் போட்டார். வாங்கிப் போன பத்தாம் வகுப்புப் பிள்ளை துவைக்காமல் அப்படியே போட்டுக்கொண்டு காலை அசெம்பிளியில் போய் நின்றிருக்கிறது. காலர் லேபிளில் கடைப் பெயர், முதுகில் பாஸ்வேர்டு. திருடனுக்குச் சாவியையும் கொடுத்து வாசலில் விளக்கும் ஏற்றி வைத்த கதை. பின்வரிசை முழுக்கப் பாட்டு முடியும்வரை அதைத்தான் பக்தியாகப் படித்திருக்கிறது.

பாஸ்வேர்டு ‘சுண்டு’வும் அவள் பிறந்த வருடமும். இதைவிட மோசமாக ஒன்று வைக்க முடியாது என்று டீச்சர் பிறகு சொன்னார், அது வேறு கதை. அன்று மத்தியானமே பிள்ளைகள் கடைப் பக்கத்துக்குள் புகுந்து, அங்கே வந்து கிடந்த செய்திகளைக் குடைந்து, ஒரு படத்தை வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். எந்தப் படம் தெரியுமா. போன முறை தாங்கள் வந்திருந்தபோது, நான் சாப்பாட்டுக்குப் பிறகு வெட்டுகிற மேசையின் மேல் மல்லாந்து, வாயைப் பிளந்து, கழுத்தில் அளவு டேப்போடு தூங்கியதைத் தாங்கள் எடுத்துக் கேலியாகக் கடைப் பக்கத்துக்கே அனுப்பினீர்களே, அந்தப் படம். கீழே ‘தூங்கினாலும் தையல் பிரியாது’ என்று எழுதியிருந்தது. சாயங்காலத்துக்குள் தெருவே பார்த்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் என்னைக் கண்டதும் கொட்டாவி விட்டுக் காட்டுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. என் முகத்தை, என்னைக் கேட்காமல், நான் அசந்து கிடந்த நேரத்தில் எடுத்ததைத் தூக்கிப் போட்டுச் சிரிக்க இவர்கள் யார் என்று வீட்டில் குதித்தேன். நான் குதித்து முடிக்கும்வரை என் மனைவி பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, “இன்னொரு தடவை சொல்லுங்க, சுண்டுவும் கேக்கட்டும்” என்றாள்.

சுண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சிரிப்பாள், பழி தீர்ந்தது என்பாள் என்று பார்த்தேன். அவள் எழுந்து என்னோடு கடைக்கு வந்தாள். போர்டுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தாள். மேசை ஓரத்தில் நின்று, “அப்பா, உங்க போனை நான் தொறக்கலாமா? உங்க மெசேஜ் எல்லாம் என் கண்ணுல படும். வேணாம்னா நான் சொல்லச் சொல்ல நீங்களே பண்ணுங்க” என்றாள். அத்தான், என் போனை என் மனைவி எடுப்பாள், கட்டிங் மாஸ்டர் எடுப்பார், தாங்கள் வந்தால் தாங்களும் எடுப்பீர்கள். இன்றுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நீயே பண்ணு என்று போனை அவள் கையில் கொடுத்தேன். அவள் பாஸ்வேர்டை மாற்றினாள், உள்ளே புகுந்தவர்களை வெளியே தள்ளினாள், படத்தையும் நீக்கினாள். “இப்ப சரியாப்பா?” என்று கேட்டாள். பிறகு போன வழியே குனிந்துகொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

இவ்வளவும் நடந்தும் நான் கொள்கையை விடவில்லை. வியாபாரம் வியாபாரம்தான். ஆகவே தங்களிடம் என் கோரிக்கை இதுதான். தாங்கள் மாமா முறையில் சுண்டுவுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட வகுப்புகள் குடும்பங்களுக்கு ஆகாது என்று பள்ளிக்கும் தங்கள் அழகான கையெழுத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும். நான் தூங்கும் படத்தைத் தங்கள் போனிலிருந்து அழித்துவிட வேண்டும், அது என் மானப் பிரச்சனை. அக்காவுக்கு என் அன்பு. அவள் முழங்கால் வலிக்குத் தாங்கள் குழுவில் போட்ட வைத்தியத்தைத் தயவுசெய்து செய்து பார்க்க வேண்டாம். தங்கள் இருவரின் ஆசியும் எங்கள் மூவருக்கும் எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத மைத்துனன்

பின்குறிப்பு: கவரில் போட்டோ இருக்காது, தேட வேண்டாம். நாலு நாள் முன்பு இதை ஒட்டும் நேரத்தில் சுண்டு, வீட்டுச் சாவி வாங்கக் கடைக்கு வந்தாள். என் வாய் சும்மா இராமல், “இதை மாமாவுக்கு அனுப்பட்டுமா?” என்று கேட்டுத் தொலைத்துவிட்டது. அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வேணாம்பா” என்றாள். கேட்டால் பதிலையும் கேட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது, இது எனக்கு முன்பே தெரியாமல் போயிற்று. கடிதத்தையும் படித்தாள். மூக்கு ஒழுகியது என்று எழுதிய வரியை அடித்துவிடட்டுமா என்றேன். “மாமாதானே, இருக்கட்டும்” என்றாள். நான் சொல்லி, போர்டைக் கட்டிங் மாஸ்டர் அன்றே இறக்கிவிட்டார். பைகளைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துக்கொண்டிருக்கிறோம். வைத்தியத்துக்கு உதவி கேட்ட அந்த மோசடிக்காரன் மேல் டீச்சரும் சுண்டுவும் புகார் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் பதில் வரவில்லை. தாங்கள் குழுவில் போட்டதை இன்றே எடுத்துவிடுங்கள். பள்ளிக்கு ஒன்றும் எழுத வேண்டாம், டீச்சர் பெற்றோருக்கும் வகுப்பு வைக்கிறார், நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இந்த முறை முழுக்கப் படித்துவிட்டு. நான் தூங்கும் படத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள், தெளிவான பிரதி தங்களிடம்தான் இருக்கிறது, உடனே அனுப்பி வையுங்கள். வாசலில் புது போர்டு அதுதான். ‘தூங்கினாலும் தையல் பிரியாது.’ யோசனை சுண்டுவுடையது, என்னிடம் கேட்டாள், நான் சரி என்றேன். அளவெடுக்க ஏணியில் ஏறியிருக்கிறாள், கீழே பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிடுகிறாள், போகிறேன்.