கிடேரிக்கு முன்னால் நின்றவளும் ஜன்னலில் தொங்கியவரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தெருவேல் மாவட்டத்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் எவரிஸ்தோ லபுவெர்த்தா எழுதுவது. நான் நலம். தங்கள் நலமும் தங்கள் பத்திரிகையின் நலமும் நீடிக்கட்டும்.

தங்கள் பத்திரிகையில் வந்த அந்தப் படத்தைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், யாரையும் மறக்கவிடாமல்தான் அது இணையத்தில் கிடக்கிறது. மாதா திருவிழாவில் அவிழ்த்துவிட்ட கிடேரி எங்களைப் பார்த்து வந்தபோது நான் மருந்துக்கடை ஜன்னல் கம்பியில் ஏறிவிட்டேன். என் மனைவி பெலிசா கீழே நின்று கைவிசிறியால் அதன் மூக்கில் ஒன்று போட்டாள். அன்றிலிருந்து என் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது அந்தப் படம்தான். காலமெல்லாம் பஸ் ஓட்டியும் ஒரு கோழியைக்கூட அடிக்காதவன் என்பது எங்கேயும் இல்லை. தேடல் நிறுவனத்துக்கு மனு போட்டேன். சட்டப்படி சரி என்று, என் பெயரைத் தேடினால் அந்தப் படம் வராதபடி செய்தார்கள். தாங்களும் பெரிய மனதோடு படத்தின் கீழிருந்த என் பெயரை எடுத்தீர்கள். நிம்மதி என்று நினைத்தால், பெலிசா ஓர்தாஸ் என்று தேடினால் அதே கிடேரி, அதே ஜன்னல், அதே என் முதுகு! கல்யாணமானாலும் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருக்கிற ஊரில் எனக்கு இது தோன்றாமல் போயிற்று. அவளையும் மனு போடச் சொன்னேன்.

"ஓடினது நீங்க, நின்னது நான். நான் எதுக்கு ஒளியணும்?" என்று கேட்டுவிட்டுப் பூண்டு உரிக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் இரேனேயை மணக்கப்போகிற பையனின் பெற்றோர் பில்பாவோவிலிருந்து சாப்பிட வருகிறார்கள். சம்பந்தி மாதியாஸ், தேடிப் பார்க்காமல் யாரோடும் கைகுலுக்க மாட்டாராம். 'இந்த முதுகு யாருடையது?' என்று கேட்டால் என்ன சொல்வேன்? எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து படத்தையே எடுத்துவிடுங்கள்.

மாதா தங்களையும், ஞாபக சக்தி குறைந்த தங்கள் வாசகர்களையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
எவரிஸ்தோ

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் ஞாயிறு வந்து போய்விட்டது. ஆட்டுக்கறி தீருமுன்பே மாதியாஸ் போனை நீட்டி, "சம்பந்தியம்மா, இது நீங்கதானே?" என்றார். எல்லோரும் அவளுக்காக ஒயின் கோப்பையை உயர்த்தினார்கள், நானும்தான். பிறகு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மேல தொங்குறாரே, அவரு யாரு?" என்றார். பெலிசா என்னைப் பார்த்தாள். நான் ரொட்டியைப் பார்த்தேன்.

"பேரு போடலையே. யாரோ வெளியூர்க்காரர் போல" என்றாள்.

கம்பியில் தொங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இல்லை. ஆகவே மேலே கேட்டதையெல்லாம் மறந்துவிடுங்கள். படம் இருக்கட்டும். என் முழுப் பெயரையும் திரும்பப் போட்டு, பக்கத்தில் 'இவளுடைய கணவர்' என்றும் சேர்த்துவிடுங்கள்.