எஞ்சின் ஓடினால் ஷெட் காலி

"என் எஞ்சின் ஓடுற அன்னைக்கு, இந்த ஷெட்டைக் காலி பண்ணி உன் கையில குடுக்குறேன்!"

இதை நான் சும்மா சொல்லவில்லை. வலது கையை உயர்த்திச் சொன்னேன். சாட்சிக்குப் பக்கத்து வீட்டுச் செல்லப்பாண்டியை நிற்கவைத்துக்கொண்டு சொன்னேன். என் மனைவி ஹேமாவதி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள்.

"பேச்சு மாற மாட்டீகளே?"

"சுந்தரலிங்கம் பேச்சு மாறமாட்டான்."

"சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தச் 'சரி'யில் ஏதோ சரியில்லை என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

எங்களுக்குச் சின்னமனூரில் வீடு. எனக்குத் தேனியில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா வேலை. கார் வாங்கினால் நிறுத்த வேண்டுமே என்று வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டேன். கார் வரவில்லை. பதிலுக்கு மேசைமேல் வைக்கிற மாதிரி சின்னதாக ஒரு லேத், அதாவது உலோகம் கடைகிற மெஷின், வந்தது. ஒரு நீராவி எஞ்சினைக் கையகலத்தில் செய்து ஓடவிட வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை. சிலிண்டர், பிஸ்டன், சக்கரம் எல்லாம் நானே கடைவேன். லேத் வந்ததிலிருந்து நான் எல்லாவற்றுக்கும் லேட். சாப்பாட்டுக்கு லேட், ஆபீஸுக்கு லேட், மாமனார் வீட்டு விசேஷத்துக்கு ரொம்பவே லேட்.

உங்களிடம் மட்டும் ஓர் உண்மையைச் சொல்கிறேன். அந்த எஞ்சின் ஓடாது. நான் கடைகிற பிஸ்டன் ஒன்று சிலிண்டருக்குள் நுழையாது, அல்லது நுழைந்த வேகத்தில் மறுபக்கம் விழுந்துவிடும். இந்த வேலைக்குக் கடைசல் என்று பெயர் வைத்தவர் விவரமானவர்தான். கடைசிவரை முடியாது.

முடியவும் வேண்டாம். ஷெட்டுக்குள் எனக்கு ஒரு சாய்வு நாற்காலி இருக்கிறது, ஒரு மேசை மின்விசிறி இருக்கிறது. லேத்தை ஓடவிட்டால் "தேங்கா திருகிக் குடுங்க" என்ற குரல் காதில் விழாது. இப்படிப்பட்ட சொர்க்கத்தைத்தான் ஹேமாவதி கேட்டாள். "எதுக்கு?" என்றேன். "ஒரு வேலைக்கு" என்றாள். வடகம் காயப்போடவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அந்தச் சபதத்தைச் செய்தேன். ஓடாத எஞ்சினை நம்பிச் சபதம் செய்வதில் என்ன ஆபத்து?

மறுநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து ஷெட்டுக்குள் போனேன். முந்தின நாள் சிலிண்டருக்குள் நுழையாமல் அடம்பிடித்த பிஸ்டனை எடுத்தேன். சும்மா வைத்துப் பார்த்தேன். நல்லெண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இழுத்தால் 'ப்ளக்' என்று சத்தம். அசல் எஞ்சின் சத்தம்!

நேரே செல்லப்பாண்டியிடம் போனேன். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவன். மோட்டார், பம்ப் என்று பழகிய கை.

"ஏப்பா, நேத்து நுழையாத பிஸ்டன் இன்னைக்கு நுழையுது. எப்படி?"

"வெயிலுக்கு உலோகம் விரியும்ணே."

"விரிஞ்சா நுழையாதேப்பா."

"அப்ப மழைக்குச் சுருங்கியிருக்கும்ணே."

"இங்கன எங்கப்பா மழை பெஞ்சுச்சு?"

"கம்பத்துல பெஞ்சுச்சுண்ணே."

கம்பம் ஊரில் பெய்த மழைக்குச் சின்னமனூர் பித்தளை எப்படிச் சுருங்கும் என்று யோசித்தபடியே திரும்பினேன். பிஸ்டன் கிடக்கட்டும், சக்கரம் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நான் கடைந்த சக்கரம் சுற்றினால், கள்ளுக் குடித்த ஆள் நடக்கிற மாதிரி இருக்கும். அதற்கு மறுநாள் வந்து சுற்றிவிட்டேன். ஆடவில்லை. அசையவில்லை. பம்பரம் மாதிரி நின்று சுற்றியது.

ஒருவேளை நானே தூக்கத்தில் எழுந்துபோய்க் கடைகிறேனோ? ஹேமாவதியிடம் மெல்லக் கேட்டேன்.

"நான் தூக்கத்துல எந்திரிச்சு நடக்குறேனா?"

"முழிச்சிருக்கும்போதே எந்திரிக்க மாட்டீக."

"லேத்து சத்தம் ஏதும் கேட்டுச்சா?"

"உங்க கொறட்டைச் சத்தத்துல எதைக் கேக்குறது?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பயம் வந்துவிட்டது. இப்படியே போனால் எஞ்சின் ஓடிவிடும். ஓடினால் ஷெட் போய்விடும். ஆகவே ஒரு முடிவெடுத்தேன். உலகத்தில் எந்த லேத்தும் திருத்த முடியாத ஒரு தப்பைச் செய்வது. சக்கரம் ஏறி உட்கார்கிற தண்டை எடுத்து, வேண்டுமென்றே தேவைக்குமேல் கடைந்தேன். ஊதுவத்தி மாதிரி மெலிந்துவிட்டது. சக்கரத்தின் துளையில் விட்டால் லொடலொடவென்று ஆடியது. தடித்ததை மெலியவைக்கலாம், மெலிந்ததைத் தடிக்கவைக்க முடியுமா? மனநிறைவோடு ஆபீஸுக்குப் போனேன். பஸ்ஸில் பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் தண்டு தடித்திருந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிரசவத்துக்கு வந்த பெண்கள் தடித்துப் பார்த்திருக்கிறேன். இரும்புத் தண்டு ஒரே பகலில் ஊட்டம் பிடித்து நான் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் லேத்துக்கு விபூதி பூசினேன். குங்குமம் வைத்தேன். ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டு, "தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சுக்க" என்று கும்பிட்டேன்.

பின்னாலிருந்து ஹேமாவதியின் குரல் கேட்டது. "எலுமிச்சம்பழத்தை எங்கன வச்சீக? ஊறுகாய்க்கு ஒண்ணு குறையுது."

வந்தது ஞாயிற்றுக்கிழமை. செல்லப்பாண்டியைக் கூட்டிக்கொண்டு அவளே ஷெட்டுக்கு வந்தாள்.

"எல்லாத்தையும் மாட்டித்தான் வச்சிருக்கீக. ஓட்டிப் பாப்போம்."

"இன்னும் வேலை இருக்கு ஹேமா. ஒரு ரெண்டு மூணு வருசம்..."

"பத்த வைங்கண்ணே" என்றான் செல்லப்பாண்டி.

பாய்லரில் தண்ணீர் ஊற்றினேன். கீழே ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். ஓடக்கூடாது என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன். தண்ணீர் கொதித்தது. 'புஸ்' என்றது. சக்கரம் லேசாக நடுங்கியது. நின்றது. அப்பாடா என்று மூச்சுவிட்டேன். ஹேமாவதி ஒற்றை விரலால் சக்கரத்தைத் தட்டிவிட்டாள்.

டக். டக். டக்டக்டக்டக்...

ஓடியது! என் எஞ்சின் ஓடியது! என்னை அறியாமல் கை தட்டினேன், குதித்தேன், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. செல்லப்பாண்டி விசில் அடித்தான். வாழ்நாள் ஆசை கண் முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது. ஹேமாவதி என் தோளைத் தொட்டாள்.

"காலி பண்ணுங்க."

பேச்சு மாற முடியவில்லை. சாட்சி பக்கத்திலேயே விசில் அடித்துக்கொண்டிருந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். மின்விசிறியை எடுத்தேன். எஞ்சினைப் பச்சைப்பிள்ளை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு போய்த் தொலைக்காட்சிப் பெட்டி பக்கத்தில் வைத்தேன். கடைசியாக ஸ்பானரோடு வந்து, லேத்தின் போல்ட்டில் கை வைத்தேன்.

"அதை எதுக்குத் தொடுறீக?"

"நீதானே காலி பண்ணச் சொன்ன?"

"காலி பண்ணுறேன்னு சபதம் போட்டது நீங்க. லேத்து ஏதும் சொல்லுச்சா?"

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன். அதற்குள் அவள் என் பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். சேலைத் தலைப்பை இழுத்து இறுக்கிச் செருகினாள். ஒரு பித்தளைக் கம்பியை லேத்தில் பூட்டினாள். வெட்டுகிற டூலை நகர்த்தி வைத்தாள். சுவிட்சைப் போட்டாள். பித்தளைச் சுருள் ஜிலேபி மாதிரி வளைந்து வளைந்து விழுந்தது. நான் கடைந்தால் தூள்தான் விழும். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு வளையத்தை, புஷ் என்பார்கள், கழற்றிச் செல்லப்பாண்டியின் கையில் வைத்தாள்.

"உங்க மருந்தடிக்கிற பம்புக்கு இது சரியா இருக்கும். மாட்டிப் பாருங்க தம்பி."

"அப்ப பிஸ்டன்?" என்றேன்.

"கொஞ்சம் சீவிவிட்டேன்."

"சக்கரம்?"

"துளை கோணலாப் போட்டிருந்தீக."

"அந்தத் தண்டு? மெலிஞ்சது எப்படி தடிச்சுச்சு?"

"அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு கடைஞ்சேன். அது என்ன, வேணும்னே செஞ்ச மாதிரி இருந்துச்சே?"

நான் அவசரமாகப் பேச்சை மாற்றினேன். "இதெல்லாம் எங்கன படிச்ச?"

"ஐ.டி.ஐ.ல. பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கப்பா சொன்னாகளே, டர்னர் படிச்சவன்னு."

சொன்னார்தான். டர்னர் என்றால் லேத்தில் கடைபவர். கடமலைக்குண்டில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது சொன்னார். மொறுமொறுப்புச் சத்தத்தில் 'டெய்லர்' என்று என் காதில் விழுந்திருக்கிறது. அதனால்தான் தலைப்பொங்கலுக்கு அவளுக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அவள் தைத்த ஜாக்கெட்டைப் போட்ட எவரும் மறுபடி தைக்கக் கொடுத்ததில்லை. என்ன ஐ.டி.ஐ.யோ, என்ன சொல்லிக்கொடுத்தானோ என்று இத்தனை வருஷமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவு வருசமா ஏன் சொல்லல?"

"கேட்டீகளா?"

செல்லப்பாண்டியைப் பார்த்தேன். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

"மதினிதான் சொல்லக் கூடாதுன்னுட்டாக."

"அப்ப கம்பத்துல மழை?"

"அது நெசமாவே பெஞ்சுச்சுண்ணே."

இப்போது ஓடைப்பட்டித் தோட்டக்காரர்கள் வரிசையாக வருகிறார்கள். பம்பு புஷ், மோட்டார் தண்டு என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா இருக்காகளா?" என்று கேட்கிறார்கள். இரண்டாவது எஞ்சின் ஒன்று செய்யலாம் என்று எனக்கும் ஆசைதான். அவளிடம் கேட்டேன். வேலை குறைகிற நாளில் பார்க்கலாம் என்றாள். பித்தளைச் சுருளைக் கூட்டி அள்ளுவதற்கு மட்டும் உள்ளே போக அனுமதி உண்டு.

போன வாரம் அப்படி அள்ளிக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த பெரியவர் ஒருவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாவப்பட்டிருப்பார்போல.

"ஏப்பா, இந்த அம்மாகிட்ட எத்தன வருசமா வேலை பாக்குற?"

"கல்யாணம் ஆனதுலேருந்துங்கய்யா" என்றேன்.