வாளியைச் சுற்றிப் போன ஆவி

தூக்கத்தில் ஏறுகிற ஆவியை நித்திரைச் சாமியார் பட்டப்பகலிலேயே வரவழைக்கிறாராம்! சோடா ஆலை முற்றத்தில் நிற்க இடமில்லை. மதில் மேல் ஆள், லாரி மேல் ஆள். ஓர் ஆவியைப் பார்க்க இத்தனை உயிர்கள்.

விஷயம் இதுதான். ஆலையின் வாசற்கதவைத் திறக்கத் தாமதமானது என்று முதலாளியின் மகன் இரும்புக் கம்பியால் காவல்காரரின் கையை முறித்துவிட்டார். வழக்கு வந்ததும், "நான் தூக்கத்துல நடந்தேன், ஒண்ணும் ஞாபகமில்லை" என்றார். தூக்கத்தில் நடக்கும் நோய் உண்மையிலேயே உண்டு. ஆஸ்பத்திரியில் தூங்கவைத்துச் சோதிப்பார்கள். நீதிமன்றமும் அதைக் காதுகொடுத்துக் கேட்கும். ஆனால் சின்ன முதலாளி ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. சாமியார் கைவசம் இருக்கும்போது மருத்துவர் எதற்கு? "தூக்கத்துல ஏறுற ஆவிதான் அடிச்சுது" என்று அவர் சொல்லிவிட்டார்.

ஆவியைக் கண்ணால் பார்த்ததும் காவல்காரர் அங்கேயே வந்திருக்கும் இன்ஸ்பெக்டரிடம் புகாரை வாபஸ் வாங்குவதாக ஏற்பாடு. கட்டுப்போட்ட கையோடு அவரே உருகினார்.

"ஆவி அடிச்சதுக்குத் தம்பி என்ன பண்ணும்?"

"ஊர்ல அவ்வளவு பேர் இருக்க, ஆவிக்கு உங்க கைதான் கிடைச்சுதா?" என்றாள் அவர் மனைவி.

சாமியார் விரலைச் சொடுக்கினார். சின்ன முதலாளி கண்ணை மூடி, கைகளை நீட்டி நடந்தார். கூட்டம் மூச்சை அடக்கியது. காவல்காரரின் மனைவி, பாட்டில் கழுவிய அழுக்குத் தண்ணீர் வாளியைச் சின்ன முதலாளியின் வழியில் சத்தமில்லாமல் வைத்தாள். ஆவி அழகாக ஒதுங்கிப் போனது.

"கண்ணு மூடியிருக்கே, வாளி எப்படித் தெரிஞ்சுது சாமி?"

"ஆவிக்கு எதுக்கும்மா கண்ணு? அதுக்கு எல்லாம் தெரியும்!"

"அப்போ துணி கட்டினாலும் தெரியுமில்ல?"

சாமியார் பின்வாசலைப் பார்த்தார். கூட்டத்துக்கோ குஷி. "கட்டுங்கக்கா!" இன்ஸ்பெக்டரே கைக்குட்டை கொடுத்தார். கட்டியானதும் வாளி இடம் மாறியது.

தடால்! ஆவி அழுக்குத் தண்ணீரில் புரண்டது. கண்கட்டைப் பிய்த்தெறிந்து காவல்காரரைப் பார்த்துக் கத்தியது: "உன் பொண்டாட்டிக்கு இவ்வளவு திமிரா? அன்னிக்குக் காலைப் பிடிச்சுக் கெஞ்சினியேன்னு ஒரு அடியோட விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!"



"ஞாபகம் வந்திடுச்சே!" என்றார் இன்ஸ்பெக்டர். "வாங்க தம்பி, மிச்சத்தை ஸ்டேஷன்ல ஞாபகப்படுத்திக்கலாம்."

காவல்காரர் தன் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "புகார் அப்படியே இருக்கட்டும் சார்" என்றார்.

சாமியாரா? பின்வாசல் வழியாக ஓடிக்கொண்டிருந்தார், கண்களை நன்றாகத் திறந்துகொண்டு.

அன்று அங்கே நின்றுகொண்டே தூங்கியவர்கள் முற்றம் கொள்ளாத அளவு. இன்னும் விழிக்காதவர் யாராவது இருந்தால், வாளி அங்கேதான் இருக்கிறது.