தாய்மாமன் சீரும் ஆணியடித்த தாம்பாளமும்

பெரியநாயக்கன்பாளையம்
10.9.1996

பெருந்துறையில் சீரும் சிறப்புமாக இருக்கும் மைத்துனர் வேங்கடசாமி அவர்களுக்கு வரதராஜுலு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை பங்காரம்மாவும் மகள் பூஜிதாவும் நலம். என் காதுகள் நலமா என்பதைக் கீழே படித்துவிட்டு நீங்களே சொல்லவும்.

எட்டு வருஷத்துக்கு முன் பூஜிதா பெரியமனுஷியானபோது, "என்ன சீர் வேணும் கண்ணு?" என்று தாய்மாமன் முறையில் நீங்கள் கேட்டீர்கள். அவள் டிரம் செட் என்றாள். குழந்தை ஏதோ கேட்கிறது என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நீங்கள் பட்டுப்பாவாடை, வாழைத்தாரோடு அதையும் வேனில் ஏற்றிவந்து இறக்கினீர்கள். வேறு யார் கொடுத்திருந்தாலும் அன்றைக்கே யாருக்காவது தானம் செய்திருப்பேன். தாய்மாமன் சீரை வெளியே அனுப்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்று உங்கள் தங்கை சொல்லிவிட்டாள். எனவே, கொடுத்த கையே வந்து எடுத்துப் போக வேண்டும் என்பதுதான் இக்கடிதத்தின் நோக்கம். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் முடிவு சொல்ல வருகிறார்கள். அதற்குள் வரவும்.

வெறும் டிரம் அடித்தவரை பழகிப்போயிருந்தது. இந்த ஆடியில் சிநேகிதி வீட்டு டி.வி.யில் எவனோ வெளிநாட்டுக்காரன் வாசிப்பதைப் பார்த்துவிட்டு வந்து 'எஃபெக்ட் சிம்பல்' வேண்டும் என்றாள், அதாவது விதவிதமாகச் சத்தம் போடும் தாளத் தட்டு. இருக்கிற மூன்று சிம்பல் போதாதா என்றேன். "அதுக சும்மா பேசும்ப்பா. இதுக இருமும், தும்மும், அழுவும்" என்றாள். அதற்கெல்லாம் வீட்டில் ஆள் இருக்கிறதே என்றேன். கேட்கவில்லை. கோயமுத்தூர் முழுக்கத் தேடியும் கிடைக்காததால் அவளே செய்ய ஆரம்பித்தாள். பக்கத்திலேயே நம் வார்ப்படப் பவுண்டரி இருப்பது வசதியாகிவிட்டது.

இருபது வருஷமாக என்னிடம் அச்சு எடுக்கும் உமர் பாரூக், பம்பு சாமானுக்கு உருக்கியதில் மிஞ்சிய வெண்கலத்தை ஊற்றி, விளிம்பு மேலே வளைந்த ஒரு தட்டைச் செய்துகொடுத்திருக்கிறார். கேட்டால், "அம்மிணி கேட்டுச்சுங்க, இல்லீன்னு சொல்ல வாய் வரலீங்க" என்கிறார். எனக்கு இல்லை என்று சொல்ல அந்த வாய் தினமும் வருகிறது. அதைக் காலை பத்தேகாலுக்கு அவள் அடித்தாள். நம் பவுண்டரியில் சாப்பாட்டு நேரத்துக்கு அடிக்கிற தண்டவாளத் துண்டின் சத்தம் அப்படியே வந்தது. முப்பத்திரண்டு பேரும் கை கழுவிவிட்டு டிபன் கேரியரைத் திறந்துவிட்டார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர்களும் திறந்துவிட்டார்கள். உருக்கிய இரும்பு காத்திருக்குமா? ஊற்றுவதற்கு ஆளில்லாமல் அப்படியே உறைந்துபோனது. பிறகு பங்காரம்மாவின் எவர்சில்வர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துத் தும்மல் செய்தாள். மூன்று வாரமாக நான் வாழையிலையில் சாப்பிடுகிறேன். வருகிறவர்கள் வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் சூலூர் நரசிம்மலு தம் மகன் உதய்க்குப் பெண் பார்க்கக் குடும்பத்தோடு வந்தார். தாம்பூலம் வைக்கப் பெரிய தாம்பாளத்தைக் காணாமல் தேடிய உங்கள் தங்கை, அது டிரம் செட்டில் தொங்குவதைக் கண்டு கழற்றி, அவசரமாகப் புளி போட்டுத் தேய்த்து, வெற்றிலை பாக்கு பழம் வைத்து என் கையில் கொடுத்தாள். விளிம்பைச் சுற்றி ஓட்டை போட்டு லொடலொடவென்று பதினாறு ஆணிகள் மாட்டியிருந்ததைப் பூ மறைத்துவிட்டது. நரசிம்மலுவுக்குக் கை கொஞ்சம் நடுங்கும். வாங்கியதும் தட்டு 'ஸ்ஸ்ஸ்' என்றது.

"ஏனுங்க, கேஸ் எங்கியோ லீக் ஆகுதுங்களா?" என்றார். அவர் சம்சாரம் எழுந்து வாசலுக்கே போய்விட்டார். நரசிம்மலுவுக்கு நடுக்கம் கூடியது, தட்டின் சத்தமும் கூடியது. அப்போது காபியோடு வந்த பூஜிதா, "அது நான் ஆணி மாட்டுன தட்டுங்க மாமா. இன்னும் மெதுவா ஆட்டுங்க, நல்லா அழுவும்" என்றாள்.

மாப்பிள்ளைப் பையன் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா வருந்தினாரா என்று உச்சந்தலையை வைத்துச் சொல்ல முடியவில்லை. மச்சான், இருப்பது ஒரே பெண். இதைவிட நல்ல இடம் எனக்கு அமையாது. பயமாக இருக்கிறது. வேனோடு வரவும்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
வரதராஜுலு

பி.கு.: தபாலில் போடுவதற்குள் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. நரசிம்மலுவும் குடும்பத்தோடு வந்தார். "பொண்ணு புடிச்சிருக்குதுங்க. அந்தத் தட்டுமுட்டெல்லாம் மட்டும் இங்கியே இருக்கட்டுங்க" என்றார். அவளையும் டிரம்மையும் பிரிக்க வேண்டும் என்றுதானே நானும் கேட்டேன்? பூஜிதா முந்தின நாளே, யாரும் சொல்லாமல், எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் கட்டி வைத்துவிட்டிருந்தாள். இப்போது கதவோரம் நின்றிருந்தாள். விரல்கள் மட்டும் கதவுநிலையைச் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தன. "தாய்மாமன் சீரை உட்டுப்போட்டு எங்க பொண்ணு தனியா வராதுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். வேனும் வேண்டாம். உங்கள் பக்கம் நல்ல இடம் இருந்தால் விசாரிக்கவும். குடும்பத்தோடு காது கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் சம்மதமே.