பசை அண்ணாச்சி எழுந்த நாள்

உலகத்தில் எந்த நாற்காலிக்கும் எங்கள் பசை அண்ணாச்சியைப் போல ஒரு விசுவாசி கிடைத்திருக்க மாட்டார். தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸ். காலை எட்டு மணிக்கு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாரென்றால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் எழுவார். சாப்பாடும் அங்கேயே. மேனேஜர் வந்தால் நாங்கள் அலறியடித்து எழுவோம். அண்ணாச்சி அரை அங்குலம் உயர்ந்து மறுபடி அமர்வார், அவ்வளவுதான் மரியாதை!

டிஸ்பென்சரி நர்ஸம்மா ஒருநாள் நோட்டோடு வந்து, யார் எவ்வளவு நேரம், எதற்காக உட்கார்ந்தே இருக்கிறோம் என்று விசாரித்தார். ஒருவர் குளிர் என்றார், ஒருவர் முட்டுவலி. "எந்திரிச்சு நின்னா, சும்மா நிக்கான்னு மேனேஜர் ஒரு வேலைய தலையில கட்டிருவாரும்மா" என்று நான் உண்மையைச் சொன்னேன். அண்ணாச்சி சொன்னது ஒரே வார்த்தை: "ரேஞ்சு!"

ஆபீஸிலேயே அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் போனுக்கு ரேஞ்சு கிடைக்கும். அவர் மகள் குவைத்தில் நர்ஸ். எப்போது ஓய்வு கிடைத்து எப்போது கூப்பிடுவாள் என்பது அவளுக்கே தெரியாது.

போன மழைக்காலத்தில் என் மனைவி எஸ்தரைப் பிரசவத்துக்காக மாமியார் மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவர்கள் போன பின்னாலேயே மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. மறுநாள் மத்தியானம் சரிவைத் தாண்டி நடந்தே வந்த ஜீப் டிரைவர், "பிள்ளைக்குக் கொடி சுத்திருக்காம், ஆபரேஷனாம்" என்று குண்டைத் தூக்கிப் போட்டான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணாச்சி எழுந்தார். ஆபீஸே வாயைப் பிளந்தது.

"உக்காருலே."

"ஒங்க மக கூப்பிட்டா, அண்ணாச்சி?"

"அவ நாளைக்கும் கூப்பிடுவா. ஒம் பிள்ள நாளைக்குமா பொறக்கும்? உக்காருலேங்கேன்!"

அதோடு தன் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். ரெண்டு போன் இருந்தால் ரேஞ்சு பங்கு போய்விடுமாம்! வேறு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

மாமியார் போனை எடுக்கவேயில்லை. ஒரு மணி நேரம் போனது. திரையில் ஒரு கோடு வந்தது, போனது. "அசையாதலே, பாழாப்போற கோடு போயிரும்!" என்று அண்ணாச்சி என் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு மணி நேரம். எனக்கு ஜெபம்கூட மறந்துவிட்டது.

மூன்றாவது மணி நேரமும் முடியப்போகும்போது போன் அடித்தது.

"பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் சுகம்" என்றார் மாமியார்.

"யேசப்பா!" என்று ஓவென்று அழுதுவிட்டேன்.

"அழுதது போதும், எந்திரி" என்று உறுமினார் அண்ணாச்சி. அவர் கால்கள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. மூன்று மணி நேரமும் என் தோளிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது என்று சொல்ல, அன்றைக்குப் பிறகு எனக்கு வாய் வந்ததில்லை.