கேபினில் இருந்தவர்

லாரி ஆளில்லாமல் இறக்கத்தில் உருண்டுபோய், ஓய்வுபெற்ற டீச்சரின் முன்னறைக்குள் தலையை நுழைத்து நின்றது. அந்நேரம் டீச்சர் எதிர்ச்சாரியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்ததால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சுவர் போயிருந்தது. போன சுவருக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

விசாரிக்க வந்த இன்சூரன்ஸ் அதிகாரியிடம் டிரைவர் தன் பங்கைச் சொல்லிவிட்டார். குடோன் வாசலில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாராம். வழக்கமாக டயருக்குக் கட்டை வைப்பாராம். "மெக்கானிக்தான், பிரேக்கெல்லாம் புதுசு, இனிமே கட்டை எதுக்குண்ணேன்னு சொன்னாரு."

எல்லாத் தலைகளும் மெக்கானிக் பக்கம் திரும்பின. புதிது என்று போட்டது பழைய பிரேக் லைனிங்தான். உப்புத்தாளில் தேய்த்துப் பளபளவென்று மாட்டியிருந்தார். அது அவருக்கு மட்டுமே தெரியும். யாராவது பிரேக்கைக் குறை சொன்னால் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பார்கள். பட்டறையை இழுத்து மூடிவிட்டுக் கம்பி எண்ண வேண்டியதுதான்.

பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. "கேபின்ல ஒரு ஆள் இருந்தாரே. நான் பார்த்தேன்."

இன்சூரன்ஸ் அதிகாரி பேனாவை நிறுத்தினார். அப்படியானால் கதையே வேறு என்றார். பிரேக்கை எடுத்துவிட்டவன் எவனோ, பொறுப்பும் அவனுடையதே. ஆள் எப்படி இருந்தான்?

ஏதுமறியாத யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்கிற அளவுக்கு மெக்கானிக்குக்கு மனசாட்சி இருந்தது. அதனால் ஊரில் இல்லாத ஓர் ஆளாகப் பார்த்துப் பார்த்துச் செய்தார். நெடுநெடுவென்று உயரம். காப்பி நிறத்தில் முழுக்கைச் சட்டை. இடது கையில் இரண்டு விரல் கிடையாது.

மறுநாள் டீச்சர் அதிகாரியிடம் போய், தானும் பார்த்ததாகச் சொன்னார். "ஸ்டியரிங் மேல மூணு விரல்தான் தெரிஞ்சுது. பாவம், மொகத்துல அவ்வளவு பயம்."

நஷ்ட ஈடு சீக்கிரம் வர வேண்டுமென்று டீச்சரம்மா அளக்கிறார் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். பிறகு குடோன் வாட்ச்மேன், அந்த ஆள் போகிறபோது தன்னைப் பார்த்துத் தலையசைத்ததாகச் சொன்னார். நின்றுகொண்டே தூங்கக்கூடிய மனிதர் அவர். அதையும் தள்ளிவிடலாம்.

டிரைவர் வந்து சொன்னதைத்தான் தள்ள முடியவில்லை. சாமான்களை எடுக்கக் கேபினில் ஏறினாராம். சீட் ரொம்பப் பின்னால் போயிருந்ததாம். "காலை நீட்டினாலும் பெடல் எட்டலப்பா. நான் இறங்கினப்புறம் யாரோ ஒசரமா ஒருத்தன் உக்காந்திருக்கான்."

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. போட்டது போட்டபடி அதிகாரியைப் பார்க்க ஓடினார். வெயிலில் கண் கூசியது, கேபினில் இருந்தது மூட்டையாகக்கூட இருக்கலாம் என்று இழுத்துப் பார்த்தார்.

"நீங்க ஒருத்தர் சொன்னப்போ நானே நம்பல," என்றார் அதிகாரி. "இப்போ ஆளுக்கு ஆள் சொல்றாங்க. மூட்டைக்கு ஏதுங்க விரல்?" பேச்சை மாற்றினால் பொய்ச்சாட்சி என்று தனியாக ஒரு வழக்கு வரும் என்றும் அக்கறையோடு எச்சரித்தார்.

பேயறைந்தவர்போல வீட்டுக்கு வந்தார் மெக்கானிக். மனைவி அரிசி களைந்துகொண்டே, அவரைத் தேடி யாரோ வந்துபோனதாகச் சொன்னாள். பட்டறையில் இருப்பார் என்றதற்கு, பரவாயில்லை என்று குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டாராம்.

"டம்ளரைப் பிடிக்கவே கஷ்டப்பட்டாருங்க, பாவம். இன்சூரன்ஸ் ஆபீஸ் எங்க இருக்குன்னு கேட்டாரு. நான்தான் வழி சொன்னேன்."

பாதி காலி செய்த டம்ளர் வாசற்படியிலேயே இருந்தது. மெக்கானிக் அதைத் தாண்டி, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடினார். இல்லாத ஒருவரை எப்படித் தடுப்பது, கையைப் பிடித்து இழுப்பதா, காலில் விழுவதா என்று ஒன்றும் புரியவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அதிகாரியின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே இரண்டு குரல்கள் கேட்டன. வெளியே முக்காலியில் இருந்த பியூன் வாய்கொள்ளாச் சிரிப்போடு எழுந்தார். அடையாளம் ஒன்றுகூடத் தப்பவில்லை, கேபினில் இருந்தது தான்தான் என்று அந்த மனிதரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று தகவல் சொன்னார்.

மெக்கானிக் அந்த முக்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது. யாராக இருந்தால் என்ன, எங்கிருந்து வந்தால் என்ன, பழியை ஏற்றுக்கொள்ள ஒரு புண்ணியவான் வந்துவிட்டார். அந்தக் கணத்தில் அவர்மேல், கூடப்பிறந்தவர்மேல்கூட வராத பாசம் வந்தது.

"அப்போ பொறுப்பு முழுக்க அவரோடதுதானே?" என்று கேட்டார்.

"அவரு ஏறினதே உருள்ற வண்டியை நிறுத்தத்தானாம் சார்," என்றார் பியூன். "வழி முழுக்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டேதான் வந்தாராம். பிடிக்கவே இல்லையாம்."